பன்னெண்டு பேனல் ஒட்டினா ஆபீஸ் சத்தம் நிக்குமா?

கேள்வி, பிப்ரவரி 11

அண்ணே, மதுரை கே.கே.நகர்ல நாலு பேரு சேந்து ஒரு ரூம் எடுத்து ஆபீஸ் போட்டிருக்கோம். மீட்டிங்ல பேசினா கிளையண்ட்டு "பாத்ரூம்ல உக்காந்து பேசுறீங்களா"ன்னு கேக்குறாரு. பக்கத்து ரூம்ல டியூஷன் சென்டர், பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்ற சத்தம் வேற. சுவத்துல ஒட்டுற அக்கூஸ்டிக் பேனல் பன்னெண்டு பீஸ் பாத்து வச்சிருக்கேன், ரெண்டுக்கு ரெண்டு அடி. ஒட்டினா ரெண்டு பிரச்சினையும் தீந்துருமா?

பிப்ரவரி 11, ராத்திரி 10:20

தீராது. முதல் பிரச்சினை கொஞ்சம் குறையும், ரெண்டாவது பிரச்சினை அப்படியே இருக்கும். நான் இதே பன்னெண்டு பீஸைத்தான் வாங்கி ஒட்டி ஏமாந்தேன், அதனால முழுசா சொல்றேன், பொறுமையா படி.

சத்தத்துல ரெண்டு ஜாதி. உள்ள நாம பேசுறது சுவர்ல மோதி மோதித் திரும்பி வர்றது ஒண்ணு, பக்கத்து ரூம்ல இருந்தும் ரோட்டுல இருந்தும் உள்ள வர்றது இன்னொண்ணு. பேனல் முதல் ஜாதிக்கு மட்டும்தான். அது ஒரு ஸ்பாஞ்சு மாதிரி, உள்ள கொட்டுன தண்ணிய உறிஞ்சும், ஆனா ஸ்பாஞ்ச வச்சு கம்மாய்க்கு மடை அடைக்க முடியுமா? டியூஷன் சத்தத்தை நிறுத்தணும்னா கனமான சுவர் வேணும், ஓட்டை ஒடசல் இல்லாத கதவு வேணும். காத்து போற வழியெல்லாம் சத்தமும் போகும்.

எங்க கதைக்கு வர்றேன். பைபாஸ் ரோட்டுல முதல் மாடி, 24 அடிக்கு 18 அடி, உயரம் 10 அடி. நாங்க ரெண்டு பேரு ஜிஎஸ்டி கணக்கு பாக்குறோம், இன்னொரு டேபிள் வரிசையில இன்சூரன்ஸ் ஃபாலோஅப் கால் பண்ற நாலு பேரு, மூலையில டிசைன் பண்ற பய ஒருத்தன். மூணு பார்ட்டியும் வாடகைய பங்கு போட்டுக்குறோம். ரூம் பாக்கப் போனப்ப வீட்டுக்காரரு அதுல ஒரு சோபா கடைக்காரங்க சரக்க அடுக்கி வச்சிருந்தாரு. அம்புட்டு அமைதி, பேசினா பஞ்சுக்குள்ள பேசின மாதிரி இருந்துச்சு, இதுதான் ரூம்னு அட்வான்ஸ் குடுத்துட்டோம். சோபாவ எடுத்துட்டுப் போனதும் மிச்சம் இருந்தது வழுவழு டைல்ஸ் தரை, பட்டி பாத்த சுவரு, காங்கிரீட்டு கூரை, ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. முத நாள் டிசைன் பய தும்முனான், தும்மல் ரூம சுத்தி வந்து அவன்கிட்டயே திரும்புச்சு.

பிப்ரவரி 12, காலை 9:05

ஒரு சோதனை விட்டுப் போச்சு. ரூம் நடுவுல நின்னு ஒரே ஒரு தடவை ஓங்கிக் கை தட்டு. "டப்"னு நின்னா நல்ல ரூம். "டர்ர்ர்ங்"னு தகரத்துல உருட்டுன மாதிரி இழுத்தா, எதிர் எதிர் சுவரு ரெண்டும் சத்தத்தைப் பந்து விளையாடுதுன்னு அர்த்தம். எங்க ரூம்ல தட்டுனா கீழ் பரோட்டா கடை மாஸ்டர் அண்ணாந்து பாத்தாரு.

பிப்ரவரி 12, மதியம் 2:40

கணக்கு எப்படிப் போடுறதுன்னு ரெண்டு பேரு கேட்டாங்க. சாபின் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு. ரூமோட கன அளவை 0.161-ஆல பெருக்கி, ரூம்ல உறிஞ்சுற பரப்பு மொத்தம் எவ்வளவோ அதால வகுத்தா, சத்தம் 60 டெசிபல் குறைய எத்தனை வினாடி ஆகும்னு வரும். எங்க ரூம் 24 × 18 × 10, 4320 கன அடி. சுவரு, தரை, கூரை எல்லாம் சேத்து 1704 சதுர அடி, இது வழுவழுப்பா இருக்கதால ரெண்டரை சதவீதம்தான் உறிஞ்சும், ஒரு 43 சதுர அடி. ஆளுக்கு அஞ்சு சதுர அடி வச்சு ஏழு பேருக்கு 35, நாற்காலி ஃபைல் ரேக்கு எல்லாம் ஒரு 24. மொத்தம் 102. 4320-ஐ 0.161-ஆல பெருக்கி 102-ஆல வகுத்தா 6.8 வினாடி.

ஆறே முக்கால் வினாடி! அது ஆபீஸ் இல்ல, திருமலை நாயக்கர் மகால். பேசாம டிக்கெட் போட்டு சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி நடத்தலாம்.

பிப்ரவரி 12, சாயங்காலம் 6:15

மேல போட்ட கணக்கு தப்பு. பழங்காநத்தத்து அண்ணன் ஒருத்தர் சுட்டிக் காட்டிட்டாரு, அவருக்கு ஒரு ஜிகர்தண்டா பாக்கி. 0.161 மீட்டர் கணக்குக்கு, அடிக் கணக்குன்னா 0.049. ஊரான் கணக்கெல்லாம் பைசா சுத்தமா பாக்குறவன் இங்க அடியையும் மீட்டரையும் போட்டுக் குழப்பிட்டேன். திருத்தின கணக்கு: 4320 × 0.049 = 211.7, அதை 102-ஆல வகுத்தா 2.07. ரெண்டு வினாடி சொச்சம். இப்பதான் நம்புற மாதிரி இருக்கு.

ரெண்டு வினாடியே அதிகம்தான். சின்ன ஆபீஸ்ல பேச்சு தெளிவா கேக்கணும்னா அரை வினாடியில இருந்து முக்கா வினாடிக்குள்ள இருக்கணும். ஒரு வார்த்தை சொல்லி முடிக்குறதுக்குள்ள முந்தின வார்த்தையோட வாலு இன்னும் ரூம்ல சுத்திக்கிட்டிருந்தா என்ன புரியும். அதுல இன்னொரு கூத்து, எக்கோ ரூம்ல ஒருத்தன் குரல உசத்துனா அடுத்தவனும் உசத்துவான், பதினொரு மணிக்கு ஆரம்பிச்சா பன்னெண்டு மணிக்கெல்லாம் ஏழு பேரும் கத்திக்கிட்டுதான் இருப்பாய்ங்க, ஏன் கத்துறோம்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

இப்ப நீ கேட்ட பன்னெண்டு பீஸுக்கு வா. ரெண்டுக்கு ரெண்டு, மொத்தம் 48 சதுர அடி. நான் வாங்குனது 9 மில்லிமீட்டர் ஃபெல்ட்டு, பிளாஸ்டிக் பாட்டில உருக்கி நூலாக்கி அமுக்குனது. சுவரோட சுவரா ஒட்டுனா நடுத்தரமான சத்தத்துல முப்பது சதவீதம் உறிஞ்சுனா பெரிசு. 48-ல முப்பது சதவீதம் 14. 102 இப்ப 116 ஆச்சு, 2.07 வினாடி 1.82 ஆச்சு. காதுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா ரூம் அழகாயிருச்சு, சாம்பலும் மஞ்சளுமா கட்டம் கட்டமா. வர்ற கஸ்டமரு எல்லாம் அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தாங்க. பீஸு 450 ரூவா, 5400 ரூவாய்க்கு செல்ஃபி.

பிப்ரவரி 13

என்ஆர்சி 0.8-ன்னு அட்டையில போட்டிருக்கே, நீங்க எப்படி முப்பது சதவீதம்னு சொல்றீங்கன்னு கேட்ட தம்பிக்கு.

என்ஆர்சிங்கிறது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நாலுலயும் எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்துப் போடுற ஆவரேஜ் மார்க்கு. ஆவரேஜுல கணக்குல ஃபெயிலானது தெரியாதுல்ல? மெல்லிசு ஃபெல்ட்டு 2000-ல நல்ல மார்க்கு வாங்கும், 250-ல கோட்டை விட்டுரும். ஆம்பளைக் குரலோட கனமெல்லாம் கீழ்ப் பக்கம்தான் இருக்கு. 250 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே நாலரை அடி, அதை 9 மில்லிமீட்டர வச்சு என்ன பண்ண. அது போக, அதே ஷீட்டை சுவர்ல ஒட்டி அளந்தா ஒரு நம்பரு வரும், பின்னாடி கேப் விட்டு அளந்தா இன்னொரு நம்பரு வரும். அட்டையில எது போடுவாய்ங்கன்னு நான் சொல்லணுமா. கடையில முத கேள்வியே "கேப் விட்டு அளந்ததா, ஒட்டி அளந்ததா"ன்னு கேளு. நான் கேட்டப்ப கடைக்காரப் பய டீ சொல்லிட்டு வர்றேன்னு போனவன்தான்.

பிப்ரவரி 15, ராத்திரி

இன்னைக்கு வேல ஓடல, அதனால கொஞ்சம் கதை. அந்த ஃபார்முலாவுக்குப் பேரு குடுத்த சாபின், ஹார்வர்டுல பிசிக்ஸ் வாத்தியாரு. 1895-ல அங்க புதுசா கட்டுன ஒரு லெக்சர் ஹால்ல யாரு பேசினாலும் புரியலன்னு அவர்கிட்ட விட்டாய்ங்க. ஒரு வார்த்தை அஞ்சரை வினாடி சுத்திக்கிட்டே இருந்துச்சாம். மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா, பக்கத்து தியேட்டர்ல இருந்த சீட்டு மெத்தையெல்லாம் ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமா உள்ள அடுக்கி, ஒரு ஆர்கன் பைப்ப ஊதி, ஸ்டாப்வாட்ச்ச வச்சு, காதால கேட்டுக் கேட்டே குறிச்சிருக்காரு. விடியறதுக்குள்ள மெத்தைய திருப்பி வைக்கணும், காலையில அங்க சனம் வரும்ல. இந்த மெத்தைக் கணக்குல இருந்து வந்ததுதான் ஃபார்முலா, 1900-ல திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலையும் அவரு கணக்க வச்சுத்தான் கட்டுனாய்ங்க.

இதைப் படிச்சப்பதான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. எங்க ரூம்ல சோபா இருந்தப்ப அமைதி, எடுத்ததும் சத்தம். சாபின் பண்ண அதே சோதனைய எங்க வீட்டுக்காரரு எங்களுக்கு ஓசியில பண்ணிக் காட்டியிருக்காரு, நாமதான் கவனிக்கல.

பிப்ரவரி 18

ரெண்டாவது ரவுண்டு என்ன பண்ணேன்னு கேட்டவங்களுக்கு. கடைப் பேனல விட்டுட்டு நானே செஞ்சேன். நானேன்னா, எங்க தெரு கார்பெண்டர் அண்ணே செஞ்சாரு, நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

ராக்வூல்ங்கிற கல்லுக் கம்பளி ஸ்லாப், ரெண்டு இஞ்சு தடிப்பு, 48 டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ. ரீப்பர் கட்டைய இழைச்சு நாலுக்கு ரெண்டு அடி சட்டம், அதுக்குள்ள ஸ்லாப்ப அமுக்கி உக்கார வச்சு, மேல துணி இழுத்து ஸ்டேப்ளர் கன்னால அடிக்குறது. இருபது பீஸு. உள்ள இருக்க கம்பளி ஒரு பீஸுக்கு ரெண்டு கிலோ கூட வராது, சட்டத்தோட சேத்துத் தூக்குனா அஞ்சு கிலோ.

துணி வாங்க விளக்குத்தூண் போனேன். கடையில எல்லாரும் சோபா துணியவே காட்டுறாய்ங்க, பின்னாடி கோட்டிங் பண்ணது. அது ஆகாது. துணிய வாயில வச்சு ஊதிப் பாக்கணும், மூச்சு அந்தப் பக்கம் போனா சத்தமும் போகும், போகலன்னா சத்தம் துணியிலயே பட்டுத் திரும்பிரும், உள்ள என்ன வச்சிருந்தாலும் தண்டம். நான் ஒவ்வொரு தானையும் எடுத்து வாயில வச்சு ஊத ஊத அந்தக் கடைப் பெரியவரு கொஞ்ச நேரம் பாத்தாரு, அப்புறம் "தம்பி, புல்லாங்குழல் கடை அங்கிட்டு இருக்கு"ன்னாரு. கடைசியில அவரே எடுத்துப் போட்டது சாதாரண காடா துணி. ஊதினா கைக்கு அந்தப் பக்கம் காத்து சில்லுன்னு பட்டுச்சு. அதே மீட்டரு விலையில சாயம் போட்டதும் கிடைச்சுச்சு, அதுல பாதி வாங்கினேன். எங்க வீட்டம்மா, சுங்குடிச் சேலை ரெண்டு பழசு இருக்கு, அதையும் மாட்டுங்கன்னு குடுத்துச்சு. அது ரெண்டும் இப்ப கஸ்டமர் உக்கார்ற இடத்துக்கு எதிர்ல இருக்கு, அதுல இருக்க புள்ளிய எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பாங்க, நோட்டீஸ் வந்த டென்ஷன் குறையுது.

மாட்டுன விதம்தான் முக்கியம். எட்டு பீஸ் சுவர்ல, தரையில இருந்து மூணு அடிக்கு மேல ஏழு அடிக்குள்ள, அதாவது உக்காந்து பேசுற வாயும் காதும் இருக்க உயரத்துல, எதிர் எதிர் சுவர் ரெண்டும் ஒண்ணையொண்ணு வெறுமனே பாக்காத மாதிரி. பின்னாடி ரெண்டு இஞ்சு கேப். மீதி பன்னெண்டும் கூரையில. ஆங்கர் அடிச்சு சங்கிலி போட்டு நாலு இஞ்சு எறக்கித் தொங்க விட்டோம், ஃபேன் எறக்கைக்கு நேரா வராம. தொங்கவிட்டா கீழ்ப் பக்கமும் மேல் பக்கமும் ரெண்டும் உறிஞ்சும், ஒரே பீஸுக்கு ஒன்றரை பீஸு வேல. சுவர்ல பீரோ, ரேக்கு, ஜன்னல்னு எடமே கிடைக்காது, தலைக்கு மேல பாரு, 432 சதுர அடி சும்மா கிடக்கு. வால் பேனல் வால் பேனல்னு சொல்லிச் சொல்லியே நம்ம எல்லாரையும் சுவத்தையே பாக்க வச்சுட்டாய்ங்க.

160 சதுர அடி, தொண்ணூறு சதவீதம் உறிஞ்சுதுன்னு வச்சா 144. ஏற்கனவே 116, ஆக 260. 211.7-ஐ 260-ஆல வகுத்தா 0.81. தொங்குறதுல ரெண்டு பக்கமும் சேத்தா இன்னும் கொஞ்சம் குறையும். அன்னைக்கு சாயங்காலம் கடைசி சங்கிலிய மாட்டிட்டு கார்பெண்டர் அண்ணே ஏணியில நின்னபடியே கை தட்டுனாரு. "டப்". அவரு திரும்பவும் தட்டுனாரு. "ஏய்யா, என் கை மெத்துன்னு ஆயிருச்சா?"

பிப்ரவரி 18, கொஞ்ச நேரம் கழிச்சு

மறந்துட்டேன்: முழுக்கைச் சட்டை, மாஸ்க், கையுறை. ராக்வூல் பட்டா அரிக்கும். ஸ்லாப்ப வெட்டுறத மட்டும் நான்தான் பாத்தேன், வீரமா பனியனோட நின்னு, ரெண்டு நாளு சொறிஞ்சுக்கிட்டே திரிஞ்சேன்.

பிப்ரவரி 20

வரிசையா வந்த யோசனைகளுக்கு வரிசையில்லாம பதில்.

முட்டை அட்டை: வேணாம். நாமக்கல்லே காலியானாலும் எக்கோ போகாது. மெல்லிசு காயிதம், கொஞ்சம் சத்தத்தைச் செதறடிக்கும், உறிஞ்சுறது பேருக்குத்தான். கரப்பான் மட்டும் நல்லா வளரும்.

தெர்மாகோல்: அதுக்குள்ள இருக்க குமிழி எல்லாம் மூடுன குமிழி, காத்து உள்ளயே போகாது. கொலு படிக்கு வச்சுக்கங்க.

பிரமிடு மாதிரி இருக்க ஃபோம்: இது கொஞ்சம் சீரியஸா சொல்றேன். சாதாரண பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் தீப்பிடிச்சா நிமிஷத்துல ரூம் பூரா விஷப் புகை. 2003-ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு நைட் கிளப்புல மேடைக்குப் பின்னாடி சத்தத்துக்காக ஒட்டியிருந்த ஃபோம்ல பட்டாசுப் பொறி பட்டு நூறு பேரு செத்தாங்க. நம்ம ஆபீஸ்ல பட்டாசு வெடிக்க மாட்டோம்தான், ஆனா சாமி படத்துக்கு முன்னாடி சூடம் காட்டுறோமா இல்லையா? சுவிட்ச் போர்டு புகையுறதும் நமக்குப் புதுசில்ல. ராக்வூல் கல்ல உருக்கி நூலாக்குனது, அது எரியாது. மேல இருக்க காடா எரியும், அதனால போர்டு பக்கமும் சாமி பக்கமும் நான் பேனலே மாட்டல.

ராக்வூல்னா கேன்சர் வருமாமே: இது ஆஸ்பெஸ்டாஸ் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2001-ல உக்காந்து பாத்துட்டு, இன்சுலேஷனுக்குப் போடுற கிளாஸ்வூல், ராக்வூல் ரெண்டையும் மனுசனுக்குப் புற்றுநோய் தரும்னு வகைப்படுத்த முடியாத மூணாவது வரிசையில வச்சிருச்சு. அதுக்காக கொட்டிக் கெடக்க தூசிய மோந்து பாக்கச் சொல்லல. துணி போட்டு மூடு, ஓரத்துல பிரிஞ்சா திரும்ப அடி.

பிப்ரவரி 27

இலவம்பஞ்சு போடலாமான்னு போடிக்கார அக்கா கேட்டாங்க. நல்லா கேட்டாங்க, ஏன்னா நானே யோசிச்சேன். வீட்ல இருந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒண்ண மூலையில நிறுத்தி வச்சுப் பாத்தேன். உறிஞ்சுது, பொய் சொல்லக் கூடாது, நாலு இஞ்சு தடிப்புல்ல, கனத்த குரலையே முழுங்குச்சு. ஆனா நிக்க வச்சா பஞ்சு பூராம் கீழ எறங்கி, மேல வெறும் துணி, கீழ தொப்பை. மெத்தை தைக்கிறவர்ட்ட கேட்டேன், கட்டம் கட்டமா தையல் போட்டா எறங்காதுன்னாரு. போடலாம். ஆனா இலவம்பஞ்சு தீக்குச்சிக்குக் காத்துக்கிட்டிருக்க சாமான். வீட்ல ரெக்கார்டிங் பண்றவங்க தற்காலிகமா வச்சுட்டு எடுத்துருங்க, ஏழு பேரு புழங்குற எடத்துல தலைக்கு மேல தொங்க விட எனக்குத் தைரியம் இல்ல.

மார்ச் 14

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பேனல் நல்லா வேல செய்யுதுன்னு மேல பெருமையா எழுதிட்டு, அதோட கெடுதியச் சொல்லாம விட்டா நல்லா இருக்காது.

முந்தா நாள் ஈபில மாசாந்திர பராமரிப்புன்னு காலை ஒம்பதுல இருந்து ஷட் டவுன். எங்க இன்வெர்ட்டர் லைட்டுக்கும் மோடத்துக்கும் மட்டும்தான், ஃபேன் ஓடாது. கரெக்ட்டா ஒம்பது மணிக்கு நாலு ஃபேனும் நின்னுச்சு. மெதுவா, மெதுவா, அந்தக் கடைசி சுத்துல "கிறீச்"னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல. எக்கோவும் இல்ல, ஃபேனும் இல்ல. அப்ப என் பார்ட்னர் வழக்கமா போன் பேசப் போற அந்த ரேக்குக்குப் பின்னாடி மூலையில நின்னு வீட்ல பேசிக்கிட்டிருந்தான். அவன் எப்பவும் சத்தமா பேசுறவன் இல்ல, அன்னைக்கும் மெதுவாத்தான் பேசுனான். ஆனா ரூம்ல இருந்த ஆறு பேருக்கும் வார்த்தை வார்த்தையா கேட்டுச்சு. "நீ அழுகாத. வட்டிய மட்டும் கட்டி மாத்தி வச்சிருவோம். உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

இன்சூரன்ஸ் டேபிள்ல டைப் அடிச்ச பிள்ளை கைய எடுத்துருச்சு. டிசைன் பய, காதுல இல்லாத ஹெட்போன எடுத்து மாட்டுனான். பார்ட்னர் திரும்பி வந்தப்ப எல்லாரும் லேப்டாப்புக்குள்ள தலைய விட்டுக்கிட்டிருந்தோம், அதுலயே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆறு வருசமா ஒண்ணா தொழில் பண்றோம், பொண்டாட்டி நகைய வச்சுத்தான் போன மாசம் அவன் பங்கு வாடகை குடுத்தான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பழைய எக்கோ ரூம்ல இது யாருக்கும் கேட்டிருக்காது. அங்க எல்லாமே இரைச்சல், ஒண்ணும் புரியாது, அதுவே ஒரு திரை.

மார்ச் 15

நேத்து எழுதினதுல இருக்க டெக்னிக்கலக் கேட்டிருக்கீங்க, சரி. உறிஞ்சுற பரப்பு 116-ல இருந்து 260 ஆனா ரூம்ல சுத்துற சத்தம் மூன்றரை டெசிபல்தான் குறையும். சத்தம் பெரிசா குறையல, தெளிவுதான் கூடிருச்சு. அந்தத் தெளிவு அடுத்தவன் பேச்சுக்கும் சேத்துத்தான. பெரிய கம்பெனிங்கள்ல இதுக்குன்னு கூரையில ஸ்பீக்கர் வச்சு லேசா காத்து அடிக்குற மாதிரி ஒரு சத்தத்த விடுவாய்ங்க, மாஸ்க்கிங்னு பேரு. நமக்கு அந்த வேலைய ஃபேன் இத்தன நாளா சம்பளம் இல்லாம பாத்திருக்கு.

நாங்க பண்ணது: டேபிள் மூணையும் திருப்பிப் போட்டோம், ஒருத்தர் வாய் இன்னொருத்தர் காதப் பாக்காத மாதிரி. ரெண்டு வரிசைக்கு நடுவுல ஃபைல் ரேக்க இழுத்து வச்சோம், பழைய வருசக் கணக்கு ஃபைல் நெருக்கி அடுக்குனா அதை விடப் பெரிய தடுப்பு கிடையாது, வருசக்கணக்குல வச்சிருக்கணும்னு சொல்றதுல இப்படி ஒரு நன்மை. படிக்கட்டு முகப்புல ஒரு ஸ்டூல் போட்டோம், சொந்தப் பேச்சுக்கு அங்கதான் போகணும், யாரும் கேக்க மாட்டாங்க, பரோட்டா மாஸ்டரத் தவிர.

மார்ச் 22

முதல் பதிலையே இப்ப திருத்தணும் போல இருக்கு. அந்தத் தம்பியோட பிரச்சினை மீட்டிங்ல கிளையண்ட்டுக்குத் தெளிவா கேக்கல, அம்புட்டுத்தான? நான் அவனைக் கூட்டிட்டுப் போயி ராக்வூல் கடை வாசல்ல விட்டுட்டேன். மொதல்ல ஆளுக்கு ஒரு ஹெட்செட்டு வாங்கச் சொல்லியிருக்கணும், வாய்க்கு முன்னாடி மைக் நிக்குற மாதிரி. லேப்டாப் மைக் ரெண்டு அடி தூரத்துல இருக்கு, ஹெட்செட் மைக் ரெண்டு இஞ்சுல. தூரம் பாதியாக பாதியாக நம்ம குரல் ஆறு டெசிபல் ஏறும், இருபத்தி நாலு இஞ்ச ரெண்டு இஞ்சாக்குனா இருபத்தியொரு டெசிபலுக்கு மேல. ரூம் எக்கோ ஏறாது, அது எங்க வச்சாலும் அதே அளவுதான். ஆயிரத்தி இருநூறு ரூவா ஹெட்செட்டு என் முப்பதாயிரம் ரூவா பேனல, போன் கால் விஷயத்துல மட்டும், ஜெயிச்சிருச்சு.

அப்ப பேனல் தண்டமான்னு கேக்காதீங்க. சாயங்காலம் தலைவலியோட வீட்டுக்குப் போறது நின்னுச்சு. எங்க எல்லாருக்கும் தொண்டை கட்டுறதும் நின்னுச்சு. இதை எந்த ஹெட்செட்டும் தராது.

ஏப்ரல் 5

கொத்து பரோட்டா. ஆறு மணிக்கு கீழ ஆரம்பிச்சா கல்லுல தகடு அடிக்குற அடி கண்ணாடி வழியாவும் ஷட்டர் வழியாவும் வரும், டக்கு டக்கு டக்கடக்கு டக்கு. பெங்களூர் கிளையண்ட்டு ஒருத்தர் "உங்க பக்கத்துல கோயிலா"ன்னு கேட்டாரு. இருபது பேனலும் இதுக்கு ஒண்ணும் செய்யல, செய்யாதுன்னு நான்தான் முதல் நாளே சொல்லிட்டேனே. ஆறு மணிக்கு மேல போன் கால், மீட்டிங் எதுவும் வைக்கறது இல்ல, கொத்து சாப்பிடப் போயிருவோம்.

மே 13

நேத்து அழகர் ஆத்துல எறங்கிட்டாரு. ஒரு வாரமா ஊரே ஸ்பீக்கர். விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, கடைத்தெருவுல பகல்ல 65 டெசிபல்னு 2000-ல போட்ட சட்டத்துல இருக்கு. நான் போய் மைக்செட் அண்ணன்கிட்ட 65-ஆன்னு அளந்து காட்டுறதா? போங்கப்பா. நாலு நாள் லீவு விட்டாச்சு.

ஆனா சும்மா இருந்தப்ப கதவப் பாத்தேன். அடியில அரை இஞ்சு கேப், சைடுல பென்சில் போற சந்து. கணக்கு என்னன்னா, ஒரு தடுப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே, மீதிச் சுவர் கோட்டைச் சுவராவே இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல அது தடுக்க முடியாது. கதவு அடியில மாட்டுற ரப்பர் பட்டையும், ஓரத்துக்கு ஒட்டுற ஃபோம் டேப்பும் சேத்து 380 ரூவா. கே.கே.நகர் தம்பி, உன் வாய்ப்பாட்டுக்கு இதான் மருந்து. டியூஷன் பக்கம் இருக்க கதவ மொதல்ல அடை. பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் கேக்குற அளவுக்குக் குறையும், அது எப்படியும் பிள்ளைங்க கத்தித்தான் சொல்லும்.

ஜூன் 2

தம்பி நேத்து போன்ல வந்தான். ஹெட்செட்டு வாங்கிட்டான், கதவுக்கு ரப்பர் போட்டுட்டான், கிளையண்ட்டு பாத்ரூம்னு கேக்குறத நிறுத்திட்டாராம். ஆனா சுவரு மொட்டையா இருக்குண்ணே, மீட்டிங்ல பின்னாடி நல்லாத் தெரியணும்ல, அந்த ஃபெல்ட்டு பன்னெண்டு பீஸு என்ன ஆச்சுங்கிறான்.

பரண்ல கெடக்கு. அஞ்சு பீஸு மூலை ஒடஞ்சிருக்கும், ரெண்டுல கம்மு காஞ்சு சுண்ணாம்போட வந்திருச்சு. காசெல்லாம் வேணாம், சனிக்கிழமை மூணு மணிக்கு மேல வா. கட்டிக் கொண்டு போக பழைய பெட்ஷீட் ஒண்ணு எடுத்துக்க. வந்தா பார்ட்னர் வீட்டு நகை திரும்பி வந்ததுக்கு அவன் வாங்கித் தர்ற கொத்து பரோட்டாவும் உண்டு, ஆனா அதைப் பத்தி அவன்கிட்ட நீ ஒண்ணும் கேக்காத, உனக்கு ஒண்ணும் தெரியாது.